கூலிங் டவருக்குள் இருக்கும் 'ஃபில்' என்ன செய்கிறது?

வளைகுடா நாடுகளில் பெரிய கட்டடங்களிலும் ஆலைகளிலும் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. அவர்கள் அன்றாடம் பார்க்கும் ஒன்று கூலிங் டவர். இயந்திரங்களின் வெப்பத்தைச் சுமந்து வரும் தண்ணீர் இங்கேதான் ஆறுகிறது. அந்த வேலையில் பெரும்பங்கு, உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் 'ஃபில்' என்ற பாகத்துக்கு உரியது.

சூடான தேநீர் டம்ளரில் இருந்தால் மெதுவாக ஆறும். தூக்கி ஆற்றினால் சீக்கிரம் ஆறும். காரணம், அதிகப் பரப்பு காற்றில் படுகிறது; கொஞ்சம் ஆவியாகி வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. கூலிங் டவரிலும் இதேதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 100 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 6 டிகிரி செல்சியஸ் குளிரும்.

ஃபில் இல்லாவிட்டால் தண்ணீர் நொடிகளில் கீழே விழுந்துவிடும். ஃபில் அதைத் தாமதப்படுத்திப் பரப்புகிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், குறுக்குச் சட்டங்களில் மோதித் தண்ணீர் துளித்துளியாகச் சிதறும். மற்றொன்றில், நெளிநெளியான பிவிசி தகடுகளின் மேல் மெல்லிய படலமாக வழியும். தகடுகளின் இடைவெளி 19 மி.மீ. என்றால், ஒரு கன மீட்டர் ஃபில்லில் சுமார் 150 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். அதனால் சிறிய டவரே போதுமானதாகிறது.

ஆனால் எந்த ஃபில்லுக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஈரப்பதம் கூடினால் ஆவியாவது குறையும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. புழுக்கமான கடலோரக் கோடையில் டவர் திணறுவது இதனால்தான்.

குறுகிய இடைவெளிக்கு ஒரு விலையும் உண்டு. உப்புப் படிவு, சேறு, பாசி சேர்ந்தால் வழி அடைபடும், காற்று போகாது, தண்ணீர் ஒரே பக்கமாக ஓடும். கலங்கலான தண்ணீருக்குச் சட்ட வகையோ அகன்ற இடைவெளித் தகடுகளோதான் ஏற்றவை.

அழுக்கடைந்த டவர் உயிருக்கும் ஆபத்து. அதன் பாசியில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரலாம். அது நீர்த்திவலையோடு காற்றில் பரவி நுரையீரலைத் தாக்கும். 2015இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கூலிங் டவரிலிருந்து பரவிய இந்நோயால் 138 பேர் பாதிக்கப்பட்டனர். 16 பேர் இறந்தனர்.

ஆகவே ஃபில்லைச் சுத்தம் செய்பவர்கள் முதலில் விசிறியை நிறுத்த வேண்டும். நுண்துளிகளைத் தடுக்கும் தரமான முகக்கவசம் அணிய வேண்டும். வேலைக்குப் பின் சில நாட்களில் காய்ச்சலும் இருமலும் வந்தால், கூலிங் டவரில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரிடம் பேசும்போது இதை நினைவூட்டுங்கள்.