சனிக்கிழமைச் சம்பளமும் ரொக்கக் கணக்கும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பளம் என்றால் வாரச் சம்பளம்தான். சனிக்கிழமை மாலை பணம் தொழிலாளி கைக்குப் போயாக வேண்டும். நூல் பாக்கி, சாயப்பட்டறை பில், நிட்டிங் கூலி, காஜா-பட்டன் கூலி எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் காத்திருக்கும். சரக்கு எடுத்தவரோ இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் அனுப்புவார். லாபம் எவ்வளவு என்பது வருஷக் கடைசியில் ஆடிட்டர் சொல்லும் சேதி. கையில் எவ்வளவு இருக்கிறது, இந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்பதே முதலாளியைத் தூங்கவிடாத கேள்வி.

அன்று அதற்குப் பதில் சொன்னவர் கணக்குப்பிள்ளை. பகலெல்லாம் சிட்டையில் கிறுக்கியதை ராத்திரி குறிப்பேட்டில் ஏற்றுவார். மேலே முந்தைய நாள் இருப்பு, ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று, அடியில் கையிருப்பு. கல்லாவில் எண்ணிய பணம் ஏட்டிலுள்ள தொகையோடு ஒத்துப்போன பிறகுதான் கடையைப் பூட்டுவார்கள். யோசித்துப் பார்த்தால், கேஷ் ஃப்ளோ என்று இன்று சொல்வதன் அடிப்படை அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் ரொக்க ஓட்ட அறிக்கை தர வேண்டும் என்று செபி கேட்டதே 1995-ல்தான். அதற்கான கணக்கியல் தரம் திருத்தப்பட்டு வெளிவந்தது 1997-ல். பெரிய கம்பெனிகளுக்குச் சட்டம் சொல்லும் முன்பே மளிகைக்கடைக்காரர் அதைத் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் குறிப்பேடு ஒரு நாளைத்தான் காட்டும். போன ஆடியில் சாயத்துக்கு எவ்வளவு போனது, எந்த வியாபாரி எத்தனை நாளாகப் பாக்கி வைத்திருக்கிறார் என்று கேட்டால், பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தனித்தாளில் கூட்ட வேண்டும். அதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். அதனால் பாதிக் கணக்கு ஏட்டிலும் மீதி கணக்குப்பிள்ளையின் மண்டையிலும் இருந்தது. யார் சொன்ன தேதியில் தருவார், யாருடைய காசோலை திரும்பி வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டால் முதலாளிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல்தான்.

இந்த நிலையை மாற்றியது கணினி. பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986-ல் தொடங்கிய பியூட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கணக்கு மென்பொருள்தான் பிறகு டேலி ஆனது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிபாகமும் விற்றுவந்த தந்தைக்குத் தன் கணக்கைப் பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. மகன் அதற்கான மென்பொருளை எழுதினார். எஃப்5 அழுத்தினால் பேமெண்ட், எஃப்6 அழுத்தினால் ரிசிப்ட் என்று விரல் பழகியவர்கள் கணக்கு அறைகளில் வந்து அமர்ந்தார்கள்.

இன்று டேலியில் கேஷ் ஃப்ளோ பக்கத்தைத் திறந்தால் மாதவாரியாக வந்தது, போனது, நிகரம் என மூன்று தொகையும் வரிசையாக நிற்கும். ஒரு மாதத்தின் மேல் எண்டர் தட்டினால் எந்தெந்த இனத்தில் என்று விரியும். இன்னும் தட்டிக்கொண்டே போனால் அந்த ஒற்றை வவுச்சர் வரைக்கும் இறங்கலாம். அன்று நாள்கணக்கில் பேரேடு புரட்டியவருக்கு இன்று சில நொடி போதும். பில்வாரியாகப் பதிந்திருந்தால் எந்தப் பாக்கி எத்தனை நாள் பழையது என்பதும் தெரியும்.

பதிவே வேகமானதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2016-ல் யுபிஐ வந்தது. சில்லறை வரவுகூட வங்கிக் கணக்கில் தடம் வைத்துவிட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயத்தால் ஆண்டுக் கடைசியில் எழுதிய கணக்கை மாதாமாதம் எழுத நேர்ந்தது. கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் சொத்துப் பத்திரத்தைத்தான் பார்க்கும் என்ற நிலையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. சிறு தொழில்களுக்கு ரொக்க ஓட்டத்தைப் பார்த்துக் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அமைத்த யு.கே. சின்ஹா குழு 2019-ல் பரிந்துரைத்தது. 2021 செப்டம்பரில் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை நடைமுறைக்கு வந்தபின், கணக்கு வைத்திருப்பவர் சம்மதித்தால் வங்கி விவரம் நேராகக் கடன் தருபவருக்குப் போகிறது. முத்திரை குத்திய ஸ்டேட்மெண்ட் வாங்க வங்கி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

மாறாததும் உண்டு. பெரிய வாங்குபவர் இன்றும் தாமதமாகத்தான் தருகிறார். அவர் தராத பணத்துக்கும், பில் போட்ட கையோடு ஜிஎஸ்டி பொறுப்பு வந்துவிடுகிறது. அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களின் பாக்கியை 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்து, நிதியாண்டு முடிவதற்குள்ளும் தராவிட்டால், வாங்குபவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் 2023-24 நிதியாண்டு முதல் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் கேட்பதில்லை.

மென்பொருள் நடந்த கணக்கைப் பிசகாமல் எடுத்துத் தரும். வரப்போவதைச் சொல்ல அதற்கு இரண்டு தகவல் வேண்டும்: ஒவ்வொரு பில்லுக்கும் கெடு தேதி, அந்த வியாபாரி வழக்கமாக எத்தனை நாள் இழுப்பார் என்ற அனுபவம். முதலாவதைப் பதிவதில் பலருக்குச் சோம்பல். இரண்டாவதைக் கணக்குப்பிள்ளை ஓய்வு பெற்றபோது கூடவே கொண்டுபோய்விட்டார். ரொக்கமாக வாங்கிப் பதியாமல் விட்ட தொகையோ எந்தத் திரையிலும் வராது.

ஆகவே தொழில் செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பில் போடும்போதே கெடு தேதியையும் போடுங்கள். கணக்கை ஆடிட்டருக்காக மட்டும் திறக்காமல், வாரத்துக்கு ஒருமுறை உங்களுக்காகவும் திறங்கள். சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் குறையும் என்பது திங்கள்கிழமையே தெரிந்தால் நான்கு பேரிடம் வசூலுக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை தெரிந்தால் வட்டிக்கு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.