எகிப்திலிருந்து எழுதப்பட்ட கடிதம்



வல்லரசுகளுக்குள் உறவு முறிகிறது என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, அது தூரதேசத்துக் காரியம் என்று நாம் உறங்கப் போய்விடுகிறோம். மைசூருவில் குடியிருக்கிற நாம் அப்படி எண்ணலாகாது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தில், பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இருந்த பகையினிடையே ஒரு ராஜ்யம் நொறுங்கிற்று.

பிரிட்டிஷாருக்கு எதிராகத் திப்பு சுல்தான் பிரான்சின் சகாயத்தை நாடினார். 1788-ல் அவருடைய ஸ்தானாபதிகள் பதினாறாம் லூயி ராஜாவைக் கண்டார்கள். உபசரிப்பு கிடைத்தது, சேனை கிடைக்கவில்லை. மறு ஆண்டே அந்தத் தேசத்தில் புரட்சி எழும்பிற்று. 1792-ல் தோல்வியுற்ற திப்பு, ராஜ்யத்தில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்கச் சம்மதித்து, தம் இளம் மகன்கள் இருவரைக் காரன்வாலிஸ் பிரபுவிடம் பிணையாக அனுப்பினார். பெற்றோரே, இங்கே சற்று நில்லுங்கள். உடன்படிக்கை செய்தவர்கள் பெரியவர்கள். யானைமேல் ஏறி எதிரியின் பாளயத்துக்குப் போனவர்கள் பிள்ளைகள். 1794-ல்தான் அவர்கள் வீடு திரும்பினார்கள்.

பிரான்சின்மேல் வைத்த நம்பிக்கையைத் திப்பு அதன் பின்னும் விடவில்லை. 1798 ஜனவரியில் மொரீஷியஸ் தீவின் பிரெஞ்சு ஆளுநர் மலார்டிக், திப்புவுக்காகப் போரிட ஆட்கள் தேவை என்று பகிரங்க அறிக்கை வெளியிட்டார். இரகசியமாயிருக்க வேண்டிய பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது! வந்து சேர்ந்தவர்களோ ஏறக்குறைய 100 பேர். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்க அந்த அறிக்கையே முகாந்திரமாயிற்று.

அவ்வருடம் எகிப்தில் இறங்கிய நெப்போலியன், 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்புவுக்கு உதவ விரும்புவதாகக் கடிதம் எழுதினார். அது வழியிலேயே பிரிட்டிஷார் கையில் சிக்கிற்று. மே 4-ல் கோட்டை விழுந்தது; திப்பு மாண்டார். அவருடைய பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எகிப்தின் சகாயத்தை நாடின யூதாவைத் தீர்க்கதரிசி கண்டிக்கும் ஏசாயா 31-ஐ வாசிக்கும்போதெல்லாம், போய்ச் சேராத அந்தக் கடிதம் என் நினைவுக்கு வருகிறது.

வல்லரசுகளின் ஒவ்வொரு சண்டையையும் கோகு, மாகோகு என்று வரைபடம் போட்டு விளக்குகிற பிரசங்கங்கள் நம்மிடையே உண்டு. வாலிப நாட்களில் நானும் அப்படிப் பிரசங்கித்தேன். 2022-ல் கார்கிவ் நகரத்துத் தாக்குதலில் நம் கர்நாடக மாநிலத்து மருத்துவ மாணவர் ஒருவர் மாண்டாரே, அந்தப் பெற்றோரை எந்த வரைபடம் தேற்றும்?

அயல்தேசத்திலுள்ள உங்கள் பிள்ளைகளின் பெயர்களைக் குடும்ப ஜெபத்தில் தினமும் சொல்லுகிறீர்கள். அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரல்லவா? சமாதானப் பேச்சுக்கு உட்காருகிற ஸ்தானாபதிகளையும் இன்றிரவு அந்த ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.