ஸ்பீடு இருந்தும் இன்டர்நெட் தடுமாறுகிறதா?

ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்.பி.பி.எஸ். காட்டுகிறது. ஆனால் வீடியோ காலில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. ஆன்லைன் கேமில் நம் ஆள் உறைந்து நின்று, திடீரென வேறிடத்தில் தோன்றுகிறான். இதைத்தான் லேக் ஸ்பைக் என்கிறார்கள்.

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் வீட்டில் தங்கையின் ஆன்லைன் இன்டர்வியூ இப்படித்தான் பாதியில் நின்றது. கனெக்‌ஷன் கொடுத்தவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகுதான் சோதித்துப் பார்த்தேன். நீங்கள் முதலில் சோதித்துவிடுங்கள்.

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, சி.எம்.டி. என டைப் செய்து என்டர் தட்டுங்கள். இப்படி இரண்டு விண்டோ திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிங் கட்டளையுடன் உங்கள் ரௌட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். மற்றதில் 8.8.8.8 கொடுங்கள். இரண்டிலும் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு "-டி" சேர்த்தால் பிங் நிற்காமல் ஓடும்.

ரௌட்டர் எண்ணே எகிறினால்: கோளாறு வைஃபையில். லேன் கேபிளில் இணைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் ரௌட்டர் அருகில் அமர்ந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

8.8.8.8 மட்டும் எகிறினால்: ரௌட்டருக்கு அப்பால் போகும் பாதையில் நெரிசல். எங்களுக்கு 20 மில்லி செகண்ட் காட்டிய எண் 800க்குத் தாவியது. தூரம் காரணமில்லை. ஃபைபரில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கி.மீ. செல்லும். சேலத்திலிருந்து சென்னை போய்வர 4 மில்லி செகண்ட்கூட ஆகாது.

காரணம், என் பாக்கெட்டில் இருந்த மொபைல்! கல்யாண வீடியோக்களை அது பேக்கப் செய்துகொண்டிருந்தது. கோடை விழா சமயத்தில் மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் பஸ்களுக்குப் பின்னால் ஒரு பைக் மாட்டிக்கொள்வதைப் போல, தங்கையின் குரல் அந்த வீடியோக்களுக்குப் பின்னால் காத்திருந்தது. எங்கள் அப்லோடு வேகம் 10 எம்.பி.பி.எஸ். ரௌட்டரின் வரிசையில் 1 எம்.பி. தேங்கினாலே 0.8 செகண்ட் தாமதம். இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட்.

தீர்வு: பேக்கப்பை இரவுக்கு மாற்றுங்கள். ரௌட்டரில் க்யூ.ஓ.எஸ். அல்லது எஸ்.க்யூ.எம். வசதி இருந்தால், அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் வையுங்கள்.

எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, கேபிளில் இணைத்த பிறகும் எகிறுகிறதா? நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு கஸ்டமர் கேரை அழையுங்கள்.

தங்கைக்கு அந்தக் கம்பெனி இன்னொரு வாய்ப்பு கொடுத்தது. இம்முறை என் மொபைல் ஏரோபிளேன் மோடில்!