இரத்தப்பழி யார்மேல்? நள்ளிரவுச் சோதனையும் திருமறைச் சட்டமும்

யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலுள்ள ஒரு சிறு சட்டத்தை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். இரவில் கன்னமிட்டு உட்புகும் திருடனை வீட்டுக்காரன் அடித்துக் கொன்றால், அவன்மேல் இரத்தப்பழி சுமராது. சூரியன் உதித்தபின் கொன்றால் பழி உண்டு. இருளில் நுழைபவன் பொருளை நாடி வந்தானோ உயிரை நாடி வந்தானோ என்று வீட்டிலுள்ளவன் அறிய வழியில்லை என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை எனலாம். அவ்வாறு நுழைபவன் அரசாங்கத்தின் காவலனாயிருந்தால்? பண்டைய சட்டம் இவ்வினாவை எழுப்பவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு பெண்ணின் மரணம் இதனைப் பொதுவிவாதமாக்கிற்று.

கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், 2020 மார்ச் 13 அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், சாதாரண உடையணிந்த காவலர் சிலர் ஒரு குடியிருப்பின் கதவை உடைத்து நுழைந்தனர். அங்கே வசித்தவர் பிரியானா டெய்லர் என்னும் 26 வயதுக் கறுப்பினப் பெண். அவசர மருத்துவப் பணியாளர். உடனிருந்த நண்பர், கள்வர் புகுந்தனர் என்றெண்ணி, சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். ஒரு காவலரின் தொடையில் குண்டு பாய்ந்தது. காவலர்கள் 32 முறை சுட்டனர். டெய்லர் தம் வீட்டு நடைவழியிலேயே உயிரிழந்தார். போதைப்பொருள் எதுவும் அங்குக் கண்டெடுக்கப்படவில்லை. கதவைத் தட்டாமலே புகுவதற்குக் காவலர் ஆணை பெற்றிருந்தனர். ஆயினும் தட்டி, தம்மை இன்னாரென அறிவித்ததாகக் கூறினர். அயலாருள் பலர் அப்படியோர் அறிவிப்பைக் கேட்கவில்லை என்றனர்.

பின்னர் நடந்தவை நம் சிந்தனைக்குரியவை. நண்பர்மேல் தொடரப்பட்ட கொலைமுயற்சி வழக்கு 2020 மே மாதத்தில் கைவிடப்பட்டது. செப்டம்பரில் ஜூரிகள் ஒரே காவலர்மேல் குற்றஞ்சாட்டினர். அதுவும் அடுத்த குடியிருப்புக்குள் பாய்ந்த குண்டுகளுக்காக. மற்ற இருவரும் தம்மேல் சுடப்பட்டபின் சுட்டமையால் அவர்கள் செயல் சட்டத்துக்கு உட்பட்டது என மாநிலத் தலைமை வழக்கறிஞர் விளக்கினார். ஆக, சுட்ட வீட்டாரும் குற்றவாளியல்லர். திரும்பச் சுட்ட காவலரும் குற்றவாளியல்லர். 2024 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் இன்னும் ஒருபடி சென்றார். டெய்லரின் மரணத்துக்குச் சட்டநோக்கில் காரணம் பழுதான சோதனை ஆணையன்று, நண்பர் சுட்டதே என்று தீர்த்தார். நண்பரைக் குற்றவாளி என்று அவர் சொல்லவில்லை என்பது உண்மையே. எனினும் யாத்திராகமம் எவனைப் பழியினின்று விலக்கியதோ, அவனிடமே காரணம் வந்து நின்றுவிட்டது!

காவலர் தரப்பின் வாதத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. தோழரின் இரத்தம் கண்முன் சிந்த, இருளில் நொடிப்பொழுதில் முடிவெடுப்பவரைப் பகலொளியில் அமர்ந்து தீர்ப்பது எளிது. ஆணையின் உண்மையை ஆராய்வது வாசலில் நிற்பவரின் வேலையன்று. உரிமையியல் வழக்குகளில் காவலர்க்குள்ள சட்டப் பாதுகாப்பும் இவ்வெண்ணத்தில் வேரூன்றியது. (இதனைத் தொடங்கிவைத்த 1967-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு போதகர்கள் தொடுத்த வழக்கில் வந்ததென்பது நம்மவர் பலர் அறியாதது. 1961-இல் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரப் பேருந்து நிலையத்தில் இனப்பிரிவினையை மீறிக் கைதான எப்பிஸ்கோப்பல் சபைக் குருமார் அவர்கள்.)

ஆனால் இவ்வாதம் வாசலோடு நின்றுவிடுகிறது. ஆணை எங்கிருந்து வந்தது? டெய்லரின் முகவரிக்குச் சந்தேகத்துக்குரிய ஒருவரின் பொதிகள் வருவதாக அஞ்சல் ஆய்வாளர் உறுதிசெய்தாரென்று சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் எழுதப்பட்டிருந்தது. அது உண்மையன்று. பொய்வாக்குமூலத்துக்கு உடந்தையாயிருந்ததை முன்னாள் காவலர் ஒருவர் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கதவை உடைத்தவர்கள் அதை அறியார் என அரசு வழக்கறிஞர்களே கூறினர்.

1 இராஜாக்கள் 21-ஐ இவ்விடத்தில் நினையாதிருக்க முடியுமா? யேசபேல் நிருபம் எழுதினாள், அரசனின் முத்திரை இடப்பட்டது, மூப்பர் கீழ்ப்படிந்தனர், பொய்ச்சாட்சிகள் பேசினர், ஊரார் கல்லெறிந்தனர். ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டுமே செய்தனர். எலியாவோ கல்லெறிந்தவர்களைத் தேடிப் போகவில்லை. எழுதவும் எறியவும் செய்யாத ஆகாபிடம் போய், கொன்றவன் நீ என்றார். காகிதமும் கொலைக்கருவியாகும் என்பதைத் தீர்க்கதரிசி அறிந்திருந்தார்.

உபாகமம் 21:1-9 இதனினும் நுட்பமானது. வெளியிலே ஒருவன் வெட்டுண்டு கிடக்கிறான்; கொன்றவன் தெரியவில்லை. அக்காரணத்தால் விவகாரம் முடிந்துவிடுவதில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலுமுள்ள பட்டணங்கள்மட்டும் அளக்க வேண்டும். கிட்டின பட்டணத்தின் மூப்பர் முன்வந்து கை கழுவ வேண்டும். ஆசாரியரும் அருகே நிற்க வேண்டும். மூப்பர் கொலைகாரர் என்று யார் நினைத்தார்கள் என மிஷ்னா கேட்கிறது. வந்தவனுக்கு உணவளிக்காமலும் வழித்துணையின்றியும் அவனைத் தாங்கள் அனுப்பிவிடவில்லை என்பதே அவர்கள் சொல்வதன் பொருள் என்று விடையும் தருகிறது. சுட்டவர் எவரும் குற்றவாளியல்லர் என்று சட்டம் சொல்லும் இடத்திலும் அளவுக்கயிறு சுருட்டப்படுவதில்லை. லூயிவில் நகரில் அக்கயிறு வாக்குமூலத்தையும், மேலதிகாரியின் ஒப்பத்தையும், நகர மன்றத்தையும் எட்டியிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

நகராட்சி 2020 செப்டம்பரில் குடும்பத்தாருக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் அளிக்க இசைந்தது. கொலைபாதகனின் உயிருக்கு மீட்பின்பொருள் வாங்கலாகாது என்னும் எண்ணாகமம் 35:31-ஐக் காட்டி இதனை இகழ்வோர் உண்டு. நாம் அவ்வளவு விரைந்து பேசோம். சோதனை ஆணைகளை மேலதிகாரிகள் பார்த்து ஒப்புதல் தர வேண்டுமென்பதும் அந்த உடன்பாட்டின் பகுதியே. அளவுக்கயிறு சிறிதேனும் நீண்டது அங்கேதான்.

மூடிய சன்னலினூடே சுட்ட காவலர் 2024 நவம்பரில் டெய்லரின் உரிமைகளை மீறிய குற்றத்துக்குள்ளானார். ஒருநாள் சிறையே போதுமென மத்திய நீதித்துறை கேட்டும், 2025 ஜூலையில் நீதிபதி 33 மாதச் சிறை விதித்தார். அவருடைய குண்டு எதுவும் டெய்லர்மேல் பட்டதில்லை. பட்ட குண்டுகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

தம் கைகள் இரத்தத்தைச் சிந்தவில்லை என்பதோடு தம் கண்கள் அதைக் காணவுமில்லை என்றும் மூப்பர்கள் சொல்ல வேண்டியிருந்தது. சுடப்பட்ட அந்நேரத்தின் ஒளிப்பதிவு எதுவும் லூயிவில் மக்களுக்குக் கிடைக்கவில்லை. 2020 ஜூனில் நகர மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய பிரியானா சட்டம், தட்டாமல் புகும் ஆணைகளைத் தடைசெய்தது. எந்தச் சோதனை ஆணையை நிறைவேற்றச் செல்லும் காவலரும், ஐந்து நிமிடங்களுக்கு முன்னரே தம் உடலில் பொருத்திய ஒளிப்பதிவுக் கருவியை இயக்கி, முடிந்து ஐந்து நிமிடங்கள்மட்டும் அணைக்காதிருக்க வேண்டும் என்றும் விதித்தது.