மடிக்கணினி நின்றுவிட்டால்

பங்குப் பேரேடும் நூலிருப்பும் கடன் தவணையும் இன்று பல சங்கங்களில் ஒரே மடிக்கணினிக்குள் அடங்கியிருக்கின்றன. அது நின்றால் அங்கத்தினருக்குக் கூலிப் பட்டுவாடாவும் நின்றுவிடுகிறது.

பழுது இயந்திரத்திலா, மென்பொருளிலா என்பதையே முதலில் அறிதல் வேண்டும். விளக்கே எரியாவிடில், சார்ஜரைக் கழற்றிவிட்டு, இயக்கும் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பின் மின்னிணைப்புத் தந்து பார்க்கலாம். தயாரிப்பாளர் பெயர் தோன்றியும் விண்டோஸ் வரவில்லையெனில், குற்றம் பெரும்பாலும் மென்பொருளிலோ சேமிப்புத் தட்டிலோ இருக்கும். அடிப்பாகம் புடைத்திருந்தால் பாட்டரி உப்பியிருக்கக்கூடும்; அதற்கு மின்னேற்றவே கூடாது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்கும் கணினியில், பழுது பார்ப்பவர் தாய்ப்பலகையை மாற்றினால், 48 இலக்க மீட்புச் சாவியைத் திரை கேட்கும். சாவி இல்லையேல், கணக்குகள் தட்டில் பத்திரமாக இருந்தும் படிக்க இயலாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாராலும் புதுச் சாவி செய்து தர முடியாது. புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் முதன்முறை நுழையும்போதே இப்பூட்டுத் தானாக விழுந்து, சாவி அக்கணக்கில் சேர்ந்துவிடுவதுண்டு. அது யாருடைய கணக்கு? விலகிச் சென்ற எழுத்தரின் சொந்தக் கணக்காயின், சங்கத்தின் சாவி அவர் கையில் இருக்கிறது!

ஆகவே காரியதரிசிகள் இம்மாதமே அவ்வெண்ணைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்து, வைத்த செய்தியை மட்டும் நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யவேண்டுகிறோம். கணக்குகளின் பிரதியொன்றை வாரந்தோறும் தனித் தட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைப்பதும் அவசியம். பழுதுக்கு அனுப்பும் நாளில் அத்தட்டு அலுவலகத்திலேயே இருக்கட்டும்.