மின்னல் நசுக்கிய குழாய்

ஆஸ்திரேலியாவில் ஹார்ட்லி வேல் என்னும் ஊரில் ஒரு மண்ணெண்ணெய் ஆலை. அதன் புகைபோக்கியில் இடிதாங்கியாக ஒரு செம்புக் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். மின்னல் தாக்கிய பிறகு பார்த்தால், யாரோ ஒரு ராட்சசன் கைக்குள் வைத்துப் பிசைந்தாற்போல் குழாய் நசுங்கியிருந்தது!

ஸிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்த பொல்லாக், பராக்ளோ என்ற இருவர் 1905-ல் மர்மத்தை விடுவித்தார்கள். குழாயை நசுக்கியது அதில் ஓடிய மின்சாரமேதான்.

அது எப்படி என்கிறீர்களா? ஒரே திசையில் மின்சாரம் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும். ஆம்பியர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1820-லேயே கண்ட உண்மை இது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு நாலைந்து ஆம்பியர்தான். அதன் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. மின்னலோ பல்லாயிரம் ஆம்பியர். நாலாபுறமும் ஓடும் மின்சாரம் ஒன்றையொன்று இழுக்க, குழாய் உள்நோக்கி நசுங்கிவிடுகிறது.

செம்புக்கு நேர்ந்த கதி வாயுவுக்கும் நேரும். ஐஸ் உருகித் தண்ணீராகிறது. தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. இன்னும் இன்னும் சூடேற்றினால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். அந்த நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். சூரியனும் மின்னலும் பிளாஸ்மாவே. அதில் மின்சாரம் தாராளமாக ஓடும், ஓடினால் இறுகும்.

அமெரிக்காவில் ஸாண்டியா ஆராய்ச்சிக்கூடத்தில் 'இஸட்' என்று ஒரு யந்திரம் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான டங்ஸ்டன் கம்பிகளைக் கூண்டுபோல் நிறுத்துகிறார்கள். சொட்டுச் சொட்டாக நிரப்பிய அண்டாவை ஒரே மூச்சில் கவிழ்ப்பதுபோல், சேமித்த மின்சாரத்தை அதில் கொட்டுகிறார்கள். இரண்டு கோடி ஆம்பியருக்கு மேல்! நேரமோ, ஒரு விநாடியைக் கோடி கூறு போட்டால் அதில் ஒரு கூறு. கம்பிகள் ஆவியாகிப் பிளாஸ்மாவாகி, நடுவை நோக்கிப் பாய்ந்து மோதுகின்றன. பாய்ந்த வேகம் அவ்வளவும் வெப்பமாகவும் எக்ஸ்-கதிராகவும் மாறுகிறது. 200 கோடி டிகிரியைத் தாண்டியதாக 2006-ல் அறிவித்தார்கள். சூரியனின் நடு வயிற்றிலேயே ஒன்றரைக் கோடி டிகிரிதான்!

இத்தனை பாடு எதற்கு? கடல் நீரில் கனத்த ஹைட்ரஜன் கலந்திருக்கிறது. அதன் அணுக்களை இறுக்கி இணைத்துவிட்டால் சூரியனைப்போல் சக்தி பிறக்கும். 1958 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்வெல் விஞ்ஞானிகள் 'ஸீட்டா' என்ற யந்திரத்தில் அது கைகூடியதாகவே எண்ணினார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. அதே ஆண்டு மே மாதத்தில், தாம் கண்டது அதுவல்ல என்று அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கஷ்டம் எங்கே என்பது சமையலறையிலேயே புரியும். பிசைந்த மாவை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பாருங்கள்; விரலிடுக்கு வழியே பிதுங்கும். பிளாஸ்மாவும் அப்படியே. ஓரிடத்தில் மெலியும், பாம்புபோல் நெளியும், கைநழுவி ஓடிவிடும். கொடுத்த மின்சாரத்துக்கு மேல் இவ்வழியில் இன்னும் திரும்பக் கிடைத்தபாடில்லை.

இன்னொரு விஷயத்தையும் மறைப்பதற்கில்லை. அமெரிக்கா 1992-க்குப் பிறகு அணுகுண்டு வெடித்துச் சோதிக்கவில்லை. குண்டுக்குள் இருக்கும் பொருள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, வெடிக்காமலே இஸட் யந்திரத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். குண்டைக் காக்கும் இந்தக் கைப்பிடி, வீட்டில் விளக்கேற்றவும் ஒருநாள் உதவுமா? உதவினால், கடல் இருக்கும்வரை எரிபொருளுக்குப் பஞ்சமில்லை.