அடுக்களையின் ஆளிப்பலகை

கல்முனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களில் உப்புக்காற்று உடலுக்கு இதமளிப்பினும், அடுக்களை மின்னாளிகளுக்குப் பகையாகும். பலகையினுள்ளே பித்தளைத் தொடுகைகளிற் களிம்பேற, மின்தடை மிகுகின்றது. 2000 உவாற்று மின்கேத்தல் 230 உவோற்றில் ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை ஈர்க்கும். தொடுகையின் தடை 0.1 ஓம் எனக் கொள்வோமாயின், அச்சிறு புள்ளியொன்றிலேயே ஏழரை உவாற்று வெப்பம் பிறக்கும். பலகை பழுப்பேறிக் கருகுவது இதனாலேயே.

அந்நிலையில் மேல்மூடியை மட்டும் மாற்றுதல் வீண். (நம்மில்லங்களில் நிகழ்வது பெரும்பாலும் அதுவே!) கருகிய கம்பி நுனியை வெட்டி, புதுச்செம்பு தோன்றச் சீவித் திருகாணியை இறுக்குதல் வேண்டும். விளக்குக்கென இட்ட மெல்லிய கம்பியில் 5 அம்பியர்க் குதையை அகற்றி 13 அம்பியர்க் குதையைப் பொருத்துவதோ பெருந்தவறு. சுவரினுள்ளே கம்பியே சூடேறும். தடித்த கம்பியைப் புதிதாய் இழுத்தே அதனைப் பொருத்தல் தகும்.

பலகையின் ஆளி அணைந்திருப்பினும் அதற்கு வருங்கம்பியில் மின் உண்டு. ஆதலின், பிரதான ஆளியை நிறுத்திச் சோதித்த பின்னரே திருகாணியைத் தொடுக.